பூஜையில் வைத்த பாலிசி

போன சரஸ்வதி பூஜை அன்னிக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. இன்ஷூரன்ஸ் பாலிசியோட காப்பியை மாமனாரோட கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். அவ்ளோதான்.

எங்க மாமாவுக்கு கண்ணுல புரை. மறுநாள் விஜயதசமி, நாங்க பொழைக்க வந்த இந்த ஊர்ல தசரா. அன்னிக்கு காலையில வலது கண்ணுக்கு ஆபரேஷன். "தசரான்னா இந்த ஊர்ல நேரம் காலமே பாக்க வேண்டாமாம் அம்மணி, நாள் பூராவும் நல்ல நேரமாம்"னு சொல்லிட்டு அவரே டாக்டர்கிட்ட கேட்டு வாங்கின தேதி. டாக்டர் அந்த ஆபரேஷனை முடிச்சுட்டு வெளிநாட்டுல இருக்கற மக வீட்டுக்குக் கிளம்பறார். தீபாவளி எல்லாம் முடிஞ்சுதான் திரும்பி வருவார். இந்தத் தேதியை விட்டா ஒண்ணரை மாசம் காத்திருக்கணும்.

மாமா காத்திருப்பேன்னுதான் சொல்லுவார். எனக்குத்தான் மனசு கேக்கல.

ஏன்னா அதுக்கு ஒரு மாசம் முன்னாடி எங்க அப்பார்ட்மெண்ட் லிஃப்ட்ல இருக்கற கண்ணாடியைப் பாத்து "நமஸ்தே"ன்னு கும்பிட்டார். வீட்டுக்கு வந்து, "லிஃப்ட்ல ஒரு பெரியவர் வர்றார் அம்மணி. நல்ல மரியாதை தெரிஞ்ச மனுசன். நான் கும்பிட்ட உடனே அவரும் கும்பிட்டார்"னு பாராட்டு வேற!

நான் சமையல்கட்டுல போய் சிரிச்சேன். அதுக்கப்புறம் அவர் சாயந்திரம் நடக்கப் போறதையே நிறுத்திட்டார். கால் வலின்னார். கால்ல ஒரு வலியும் இல்ல, படி தெரியல. பேப்பரை பூதக்கண்ணாடி வச்சு தலைப்பு மட்டும் படிச்சுட்டு மடிச்சு வச்சுடுவார்.

சரி, கதைக்கு வரேன்.

காலையில ஒன்பதே முக்காலுக்கு ஆஸ்பத்திரியில இன்ஷூரன்ஸ் டெஸ்க் பாக்கற ஸ்வாதி போன் பண்ணினா.

"மேடம், பாலிசி காப்பி அஜூன் ஆலீ நாஹீ."

இன்னும் வரலையாம். ஒரு மணிக்குள்ள வந்தாத்தான் கம்பெனிக்காரங்க இன்னிக்கே அப்ரூவல் குடுப்பாங்களாம். இல்லேன்னா மாமாவோட இடம் அடுத்த பேஷண்டுக்குப் போயிடுமாம்.

"இதுக்கென்ன! பத்து நிமிஷத்துல போட்டோ எடுத்து அனுப்பறேன்"னு கெத்தா சொல்லிட்டு போனை வச்சேன்.

வச்சுட்டுத் திரும்பிப் பாத்தேன். அப்படியே சோஃபாவுல உக்காந்துட்டேன்.

பாலிசி பூஜையில இருக்கு!

இதுக்கு நான்தான் காரணம். போன வருஷம் பூஜைக்கு மகளோட கணக்குப் புஸ்தகம் ஒண்ணு, ஒரு கத்திரிக்கோல், அவ்ளோதான் வச்சேன். மாமா தடவிப் பாத்துட்டு, "இவ்வளவுதானா அம்மணி? இந்த வீட்ல யாரும் படிக்கறதில்லயா?"ன்னு கேட்டுட்டார். எனக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வந்துச்சு. இந்த வருஷம் விடியக்காலையில எழுந்து வீட்டையே அடுக்கிட்டேன். மகளோட அத்தனை புஸ்தகம், என் ஆபீஸ் லேப்டாப், டிக்‌ஷனரி, ஸ்க்ரூ டிரைவர் செட், மாமாவோட பூதக்கண்ணாடி. எல்லாத்துக்கும் அடியில, நீல கலர் ஃபைல்ல எங்க ஹெல்த் பாலிசி.

வாங்கின நாள்ல இருந்து வீட்ல யாருமே படிக்காத ஒரே பேப்பர் அதுதான். சரஸ்வதியாவது படிக்கட்டுமேன்னு வச்சேன்.

சும்மா வைக்கலாமில்ல? ஃபைல் மேல சந்தனம் குங்குமம் வச்சா பத்தாதுன்னு, உள்ள தொறந்து முதல் பக்கத்துலயும் நாலு இடத்துல வச்சேன். நல்லா கெட்டியா!

மக அன்னிக்கு வெறும் டப்பாவும் தண்ணி பாட்டிலுமா பள்ளிக்கூடம் போனா. இங்க அன்னிக்கு லீவு கிடையாது. "புக்கெல்லாம் சாமிகிட்ட இருக்குன்னு மிஸ்கிட்ட சொல்லிக்கறேன்"னு அவ்ளோ சந்தோஷம் அவளுக்கு. நான் மட்டும் லேப்டாப் பூஜையில இருக்குன்னு சொல்ல தைரியம் இல்லாம, தலைவலின்னு லீவு போட்டேன்.

பூஜை அடுக்குக்கு எதிர்ல நாற்காலி போட்டு மாமா உக்காந்திருந்தார்.

"மாமா, ஆஸ்பத்திரிக்கு பாலிசி காப்பி வேணுமாம். அந்த நீல ஃபைலை மட்டும் ஒரு நிமிஷம் எடுத்து..."

"வெச்சது வெச்சதுதான் அம்மணி. நாளைக்குப் புனர்பூஜை பண்ணாம எடுக்கப்படாது."

"எடுக்கல மாமா, போட்டோ மட்டும்."

"போட்டோ எடுத்தா படிச்ச மாதிரித்தான்."

"உங்க கண்ணுக்குத்தான் மாமா!"

"எங்கண்ணுக்கு என்ன அவசரம்? இன்னொரு மாசம் ஆகட்டும். எழுவது வருசம் நல்லாப் பாத்தாச்சு."

இதைச் சொன்னது என்னைப் பாத்து இல்ல. எனக்குப் பக்கத்துல இருந்த ஃப்ரிட்ஜைப் பாத்து.

சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்லேன்னு மெயில்ல தேடினேன். பாலிசி வந்திருந்தது! திறந்தா பாஸ்வேர்ட் கேட்டுச்சு. பாஸ்வேர்ட் என்னன்னா, பாலிசி நம்பரோட கடைசி நாலு எழுத்து. அந்த நம்பர் எங்க இருக்கு? சரஸ்வதிகிட்ட.

கம்பெனியோட வெப்சைட்ல 'அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்'னு ஒரு பக்கம் இருந்துச்சு. ஆகா, நம்மள மாதிரி ஆளுங்க நிறைய இருக்காங்கன்னு ஆசையா படிச்சேன்.

என் பாலிசி நம்பரை எப்படித் தெரிஞ்சுக்கறது? பாலிசி பத்திரத்தைப் பாருங்க. பத்திரம் கையில இல்லேன்னா? பாலிசி நம்பரைப் போட்டு டவுன்லோட் பண்ணிக்கங்க.

எழுதினவன் மட்டும் கையில கிடைச்சா!

கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். மாமா, "எனக்கும் கேக்கற மாதிரி போடு அம்மணி"ன்னதால ஸ்பீக்கர்ல போட்டேன். அதுதான் அன்னிக்கு நான் பண்ணின ரெண்டாவது தப்பு. அந்தத் தம்பி இந்தியில பேசினான், நான் தமிழ்ல சொல்றேன்.

"பாலிசி நம்பர் சொல்லுங்க மேடம்."

"அது பாலிசியில இருக்கு."

"பாத்துச் சொல்லுங்க."

"பாக்கக் கூடாது. பூஜையில இருக்கு."

அவன் குரலைத் தாழ்த்திக்கிட்டு, "பாலிசிதாரர் எப்ப தவறினாங்க மேடம்?"ன்னான்.

"நான்தான்பா பாலிசிதாரர்!"

பாவம், பயந்துட்டான். என் போன் நம்பரை வச்சு அவனே தேடி எடுத்தான். "கிடைச்சுடுச்சு மேடம். ஒரே ஒரு கேள்வி, நீங்கதான்னு உறுதிப்படுத்திக்க. உங்க நாமினி யாரு? ரெண்டு தடவை சொல்லலாம்."

இதெல்லாம் ஒரு கேள்வியா? "என் வீட்டுக்காரர். கார்த்தி."

"இல்ல மேடம்."

மாமாவோட தலை என் பக்கம் திரும்புச்சு.

"இல்லயா? அப்ப... என் பொண்ணு!"

"இல்ல மேடம். ரெண்டு வாய்ப்பும் முடிஞ்சுது. இருபத்திநாலு மணி நேரம் கழிச்சு முயற்சி பண்ணுங்க. உங்களுக்கு வேற ஏதாவது உதவி வேணுமா?"

இனி என்னத்த உதவி!

அஞ்சு வருஷம் முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை ஏஜெண்ட் வீட்டுக்கு வந்தப்ப எழுதின ஃபாரம் அது. அன்னிக்கு எனக்கும் கார்த்திக்கும் ஏதோ சண்டை, அது மட்டும் ஞாபகம் இருக்கு. நாமினி இடத்துல யார் பேரை எழுதினேன்? மண்டையை உடைச்சுக்கிட்டாலும் வரல.

மாமா, "வேற யாரு அம்மணி?"ன்னார்.

"தெரியல மாமா."

"ம்."

அந்த 'ம்' இருக்கே, அதுக்கு அவர் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

பதினோரு மணிக்கு கார்த்தி போன் பண்ணினார். அவருக்கு ஊரைத் தாண்டி சாகண்ல கார் உதிரிபாகம் பண்ற ஃபேக்டரியில வேலை. உள்ள போன் கொண்டு போகக் கூடாது, டீ டைம்லதான் பேசுவார். நான் பேச்சை எடுக்கறதுக்குள்ள மாமா போனை வாங்கி, "டேய், நாமினி நீ இல்லயாம்"னுட்டார்.

அவ்ளோதான். அப்பாவோட கண்ணு, ஆபரேஷன், ஒரு மணி, எல்லாம் காத்துல போச்சு.

"நான் இல்லன்னா யாருடி? உங்க அம்மாவா?"

"தெரியலங்க."

"உன் தம்பியா? அவன் எனக்கு கல்யாணத்துல போட்ட மோதிரமே கழண்டு கழண்டு விழுது, அவனா?"

"இப்ப அதுவா முக்கியம்?"

"எனக்கு முக்கியம்டி! நாளைக்கு உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா..." அதுக்குள்ள டீ டைம் முடிஞ்சு போச்சு.

மணி பதினொண்ணேகால். நாங்க இருக்கறது வாகட், ஆஸ்பத்திரி ஊருக்கு அந்தப் பக்கம். மாமாவைப் பாத்தேன். சாமி படத்தைப் பாத்தபடி உக்காந்திருக்கார். ஆனா அந்தப் படத்துல இருக்கறது வீணையா கிரிக்கெட் மட்டையான்னு கூட அவருக்குத் தெரியாது. அப்பதான் எனக்கு அந்தக் கேடுகெட்ட யோசனை வந்துச்சு.

அவருக்குத்தான் கண்ணு தெரியாதே!

மெதுவா பூஜை அடுக்குகிட்ட போய் உக்காந்தேன். ஃபைலை எடுக்காம, உள்ள இருக்கற பேப்பரை மட்டும் பக்கவாட்டுல உருவினேன். வந்துச்சு. ஆனா ஃபைல் சப்பையாகி மேல இருந்த அத்தனையும் ஒரு பக்கமா சாஞ்சுது. உச்சியில இருந்த மணி 'ணங்'குன்னுச்சு.

"யாரது?"

"நான்தான் மாமா. பூ விழுந்துடுச்சு, எடுத்து வைக்கறேன்."

"பூவை மட்டும் தொடு அம்மணி."

"சரிங்க மாமா."

அடுக்கு நிக்கணுமே! பக்கத்துல செருப்பு ஸ்டாண்டு மேல, கதவிடுக்குல தினம் சொருகிட்டுப் போற நோட்டீஸ் கட்டு ஒண்ணு இருந்துச்சு. என்ன ஏதுன்னு பாக்காம அதை ஃபைலுக்குள்ள திணிச்சேன். அடுக்கு நிமிந்துச்சு. சரஸ்வதியைப் பாத்துக் கன்னத்துல போட்டுக்கிட்டேன். மாமாவைப் பாக்க முடியல. கண்ணு தெரியாத மனுஷன்கிட்டப் போய் இப்படிப் பண்ணிட்டோமே!

பெட்ரூம்ல போய் கதவைச் சாத்திக்கிட்டு முதல் பக்கத்தை போட்டோ எடுத்து ஸ்வாதிக்கு அனுப்பினேன்.

உடனே போன். "மேடம், நம்பர் மேல பெருசா சிவப்பா ஏதோ இருக்கே!"

நான் வச்ச நாலு பொட்டுல ஒண்ணு பாலிசி நம்பர் மேல. ஒண்ணு ஸ்கேன் பண்ற கட்டத்து மேல. ஒண்ணு கம்பெனி முத்திரை மேல. நாலாவது எங்கன்னு பாத்தா, நாமினி பேர் மேல! குறி பாத்து வச்சாலும் இப்படி அமையாது. நகத்தால சுரண்டினேன். சந்தனம் காஞ்சு காரை மாதிரி ஒட்டியிருந்துச்சு. இன்னும் சுரண்டினா பேப்பரே வந்துடும், தண்ணி தொட்டா மை கலைஞ்சுடுமோன்னு பயம்.

"ஒரிஜினலையே கொண்டு வாங்க மேடம். ஒரு மணிக்குள்ள."

மாமாகிட்ட, "நேர்ல போய்க் கெஞ்சிப் பாக்கறேன் மாமா"ன்னு சொல்லிட்டு ஆட்டோ பிடிச்சேன். வழி முழுக்க பூ மார்க்கெட்டுதான். ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் சாமந்தி மலை. ஒவ்வொரு வண்டியும் நின்னு மாலை வாங்கிட்டுத்தான் நகருது. நடுவுல எங்க ஆட்டோக்காரரும் இறங்கிப் போய் தன் வண்டிக்கு ஒரு முழம் வாங்கி, அதைப் பேரம் பேசி...

"பையா, ஆபரேஷன் ஹை!"ன்னு கத்தினேன். அப்புறம் பறந்தார் பாருங்க!

பன்னெண்டு அம்பதுக்கு ஸ்வாதி முன்னாடி மூச்சு வாங்க நின்னேன். அவ பேப்பரை வாங்கி முகர்ந்து பாத்தா. நான் விஷயத்தைச் சொன்னேன்.

"எங்க வீட்லயும் நாளைக்குப் புஸ்தகத்துக்குப் பூஜை உண்டு மேடம். ஆனா பாலிசிக்குப் பண்ணி நான் பாத்ததில்ல"ன்னு சிரிச்சா. பேப்பரை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, பின்பக்கமாப் பாத்து ஒவ்வொரு எழுத்தா நம்பரைப் படிச்சு டைப் பண்ணினா. தங்கமான பொண்ணு. "மேல இருந்து யாராவது கேட்டா காட்டணும். இது டிஸ்சார்ஜ் வரைக்கும் இங்கயே இருக்கட்டும்"னா.

சாயந்திரம் அஞ்சு மணிக்கு அப்ரூவல் வந்துடுச்சு.

"எப்படி அம்மணி?"ன்னார் மாமா.

"கஸ்டமர் கேர்ல இருந்து மெயில்ல அனுப்பிட்டாங்க மாமா."

"பாத்தியா! அவளைத் தொடாம விட்டோம், அவ கைவிடல."

நான் காபி கலக்கறேன்னு எழுந்து போயிட்டேன்.

மறுநாள் காலையில புனர்பூஜை. மாமா கற்பூரம் காட்டி, ஒவ்வொண்ணா எடுத்து, கடைசியில நீல ஃபைலைத் தூக்கி ரெண்டு கண்ணுலயும் ஒத்திக்கிட்டார். வலது கண்ணுல ரெண்டு தடவை. "எங்கண்ணுக்குக் காவல் இதுதான். இன்னைக்கு இதை நானே கொண்டு வரேன்"னு நெஞ்சோட அணைச்சுக்கிட்டார்.

ஆஸ்பத்திரியில நான் தடுக்கறதுக்குள்ள அதை ஸ்வாதிகிட்ட நீட்டிட்டார்.

ஸ்வாதி திறந்தா. முதல் நோட்டீஸ்ல பக்கம் முழுக்க ஒரு கரப்பான்பூச்சி, மல்லாந்து படுத்திருக்கு. பூச்சி மருந்து அடிக்கற கம்பெனி நோட்டீஸ்!

அவ என்னைப் பாத்தா. நான் கண்ணாலயே கும்பிட்டேன். முகம் மாறாம ஃபைலை மூடி மாமா கையில குடுத்துட்டு, "மேடம், ஹே கவர் ஹோத் நாஹீ"ன்னா.

"அந்தப் புள்ள என்ன சொல்லுது?"

இதுக்கு இன்ஷூரன்ஸ் கிடையாதுன்னு சொல்லுது மாமான்னா சொல்ல முடியும்? "எல்லாம் சரியா இருக்காம் மாமா"ன்னேன்.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. சாயந்திரமே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. ஸ்வாதி ஒரிஜினலை என் கையில குடுத்தா. வீட்டுக்குப் போனதும் மாத்திடலாம்னு கைப்பைக்குள்ள வச்சுக்கிட்டேன். எங்க மாத்தறது! மாமா ஃபைலை விடவே இல்ல. ஒரு கண்ணுல கட்டு, கக்கத்துல கரப்பான்பூச்சி. அப்படியே தூங்கிட்டார்.

அடுத்த நாள் ஆஸ்பத்திரியில கட்டு அவிழ்த்துட்டு வந்தோம். லிஃப்ட்ல ஏறினதும் கண்ணாடியைப் பாத்தார். கிட்டப் போய்ப் பாத்தார். தலையைத் தடவிப் பாத்தார்.

"அம்மணி... அந்த மரியாதை தெரிஞ்ச பெரியவர் நாந்தானா?"

"ஆமாங்க மாமா."

"இத்தனை நாளா ஏன் சொல்லல?"

நான் லிஃப்ட் பட்டனைப் பாத்துக்கிட்டே வந்தேன்.

வீட்டுக்குள்ள வந்து உக்காந்த உடனே, "பூஜையில வெச்சதைத்தான் மொதல்ல படிக்கோணும்"னு ஃபைலைத் திறந்தார். நான் அவசரமா, "டாக்டர் கண்ணை அலட்டிக்கக் கூடாதுன்னு..."ன்னேன்.

"பெரிய எழுத்துத்தான்"னுட்டு சத்தமா படிச்சார். கரப்பான், மூட்டைப்பூச்சி, கறையான். ஒரு வருஷ கேரண்டி. ஒரு வார்த்தை விடாம, கீழ இருந்த போன் நம்பர் வரைக்கும் படிச்சார்.

"நல்ல பாலிசிதான் அம்மணி. ஆனா சரஸ்வதிக்குக் கரப்பான் தொல்லை இருக்கறது எனக்குத் தெரியாமப் போச்சு."

எல்லாத்தையும் ஒப்புக்கிட்டேன். அழுகையும் வந்துடுச்சு.

அவர் நோட்டீஸை மடிச்சு ஃபைலுக்குள்ள வச்சார். "சாமிகிட்ட இருந்து எடுத்ததைக் கூட விடு, எனக்காகத்தான் எடுத்த. எங்கிட்ட பூவுன்னு சொன்ன பாரு, அதுதான்"னார்.

கைப்பையில இருந்த நிஜ பாலிசியை எடுத்து அவர் மடியில வச்சேன்.

துண்டு நுனியை நனைச்சு, அந்தப் பொட்டு ஒவ்வொண்ணையும் பொறுமையா ஒத்தி ஒத்தி எடுத்தார். நாலாவது பொட்டு கரைஞ்சுது. பூதக்கண்ணாடியை வச்சுப் படிச்சார்.

"நாமினி. வேலுச்சாமி. உறவு, மாமனார்."

மறுபடி ஒரு தடவை படிச்சார். "யாரு, நானா?"

அப்பதான் எனக்கு ஞாபகம் வந்துச்சு! ஏஜெண்ட் வந்த அன்னிக்கு என் பொறந்தநாள். கார்த்தி மறந்துட்டார். மாமா மட்டும், யார்கிட்டயும் சொல்லாம, வழி கேட்டுக் கேட்டுப் போய் ஜாங்கிரி வாங்கிட்டு வந்தார். ஏஜெண்ட் "நாமினி?"ன்னு கேட்டப்ப அந்த ஜாங்கிரி என் வாயில இருந்துச்சு. இந்த மனுஷன் பேரை எழுதாம வேற யார் பேரை எழுதுவேன்?

"எழுவது வயசுக் கெழவனுக்கு எழுதி வெச்சிருக்கற. உனக்கப்புறம் நானிருந்து வாங்கறதுக்கா? கூறுகெட்ட புள்ள!" சொல்லும்போதே கை கண்ணுகிட்டப் போச்சு.

"மாமா! கண்ணைத் துடைக்கக் கூடாது! டாக்டர் சொல்லியிருக்கார்!"

"சரி சரி, கத்தாத. போய் காபி கொண்டா."

சாயந்திரம் விஷயம் தெரிஞ்ச கார்த்தி, நாமினியை உடனே மாத்தச் சொல்லிக் குதிச்சார். விசாரிச்சேன். ஒரிஜினல் பாலிசி வேணுமாம். அதை மாமா தலையணைக்கு அடியில வச்சிருக்கார். கேட்டா, "பூஜையில வெச்சதுடா, யாரும் தொடப்படாது"ங்கறார்.

மக்களே, உங்க வீட்லயும் யாருக்காவது புரை ஆபரேஷன் இருந்தா, கட்டு அவிழ்க்கறதுக்குள்ள உங்க வண்டவாளத்தை எல்லாம் ஒளிச்சு வச்சுடுங்க.